டெய்லர்கள் ஏன் நிற்பதில்லை? புதிதாகப் பொறுப்பேற்ற மேனேஜருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டில் புரொடக்‌ஷன் மேனேஜராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். நூற்றுச் சொச்சம் பேர், பாதிப் பேர் பெண்கள், கால்வாசி ஒடிசா, பீகார் ஆட்கள். வருகிறவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மாதம் ஒருநாள் பிரியாணி போட்டேன், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினேன். எதுவும் மாறவில்லை. இவர்களுக்கு என் மேல் நம்பிக்கையும் கம்பெனி மேல் பற்றும் வர என்ன செய்ய வேண்டும்?"

முதலில் பிரியாணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போடுங்கள். ஏற்கெனவே நம்பிக்கை உள்ள இடத்தில் அது சந்தோஷத்தைக் கூட்டும். இல்லாத இடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவதோடு சரி. இந்தத் தொழிலில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நான் பார்த்தவரை, தொழிலாளர்கள் ஒரு மேனேஜரை எடைபோடுவது ஏதாவது கோளாறு ஆகும் நாட்களில்தான். கணக்கு தப்பாகும்போது, பீஸ் கெட்டுப்போகும்போது, ஆர்டர் நின்றுபோகும்போது, அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கள் தலையில்தான் விழுகிறது என்று தெரிந்துவிட்டால், பக்கத்துச் சந்தில் இன்னொரு யூனிட் இருக்கிறது, போய்விடுவார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

இதில் சம்பளக் கணக்கை விடப் பெரிய விஷயம் எதுவும் கிடையாது, அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன். உங்கள் யூனிட்டில் ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டா, ஷிஃப்ட் சம்பளமா என்று எழுதவில்லை. பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். பீஸ் ரேட்டில் நடக்கும் வழக்கமான அநியாயம் ஒன்று உண்டு. புது ஸ்டைல் வரும், அவசரத்தில் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். ரேட் கேட்டால் "போட்டுத் தரலாம், தையுங்க" என்பார்கள். வியாழக்கிழமை ஒரு ரேட் காதில் விழும், சனிக்கிழமை சம்பளக் கவரில் வேறொரு ரேட் இருக்கும். காலர் வைக்கிற ஒரு டெய்லர் ஒரு நாளைக்கு 700 பீஸ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு 4,200 பீஸ். ரேட்டில் 20 பைசா குறைந்தால் 840 ரூபாய் போச்சு. ஆபீசில் இருப்பவருக்கு அது 20 பைசா. டெய்லருக்கு அது கேஸ் சிலிண்டர் காசு. அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் நீங்கள் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது.

ஆகவே கட்டிங் முடிந்து துணிக் கட்டு (பண்டில்) தையல் லைனுக்கு வருவதற்கு முன்பே, எந்த வேலைக்கு என்ன ரேட் என்று போர்டில் எழுதிவிடுங்கள். மாதிரி பீஸ் தைக்கிற சாம்பிள் டெய்லரை வைத்து மட்டும் நேரம் பார்க்காதீர்கள், அவர் கை வேறு. லைனில் இருக்கும் நடுத்தரமான ஒரு கையை வைத்துப் பாருங்கள். விலைக் கணக்குப் போடும் காஸ்டிங்கில் தப்பாகி ரேட் அதிகமாகப் போய்விட்டாலும், அந்த ஆர்டர் முடியும்வரை எழுதியதைத்தான் கொடுக்க வேண்டும். முதலாளி சத்தம் போடுவார். நீங்கள் அந்த ஒரு தடவை நின்று வாங்கிக்கொண்டால், "இந்த மேனேஜர் போர்டில் எழுதினால் எழுதினதுதான்" என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சை வேறு எந்த வழியிலும் வாங்க முடியாது.

ராத்திரி வேலையும் இதோடு சேர்ந்ததுதான். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஊரில் எத்தனை யூனிட் அதைக் கொடுக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து, முதலாளியிடம் அதை விடாமல் பேசுங்கள். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ஒன்றரை ஷிஃப்ட் ஓட வேண்டுமா என்பதை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்து "இன்னிக்கு நைட் இருக்கு" என்றால், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைக்கு யார் சாப்பாடு போடுவது, கம்பெனி வேன் எத்தனை மணிக்கு, வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று ஒரு பெண்ணின் மொத்த ராத்திரியும் குலைகிறது. மத்தியானமே தெரிந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டு ஏற்பாடு செய்துகொள்வார். வர முடியாது என்கிறவரிடம் காரணம் கேட்டுக் குடையாதீர்கள்.

பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி விஷயம் பலர் கண்ணில் படாத ஒன்று. சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறோம். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று தொழிலாளிக்குத் தெரியாது. வேறு எங்கேயோ பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட அனுபவமும் அவருக்கு இருக்கலாம். பணம் சேர்ந்திருந்தாலும் எடுக்கப் போகும்போது ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஒரு பெயர் என்று நிற்கும். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்ற குழப்பத்திலேயே ஆயிரக்கணக்கான ரூபாய் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. பழைய கம்பெனியில் சேர்ந்த தேதி தப்பு, விலகிய தேதி போடவே இல்லை, இப்படி ஏதாவது ஒன்று. உங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளையை வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மேஜை போட்டு உட்கார வையுங்கள். ஒவ்வொருவராக வந்து பாஸ்புக்கைப் பார்க்கட்டும், பெயர்த் திருத்தத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். செலவே இல்லாத வேலை. ஒரு யூனிட்டில் இப்படி உட்கார வைத்தபோது, முந்தைய கம்பெனியில் முடங்கியிருந்த பணத்தை ஒரு அக்கா எடுத்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அடுத்த மாதம் அவர் தன் தெருவிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்து சேர்த்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரான வழியும் இந்தப் பகுதியில் ரொம்ப நாள் இருந்தது. ஒரு வாரச் சம்பளத்தைக் கையிலேயே நிறுத்தி வைப்பது, அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடுவது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஓடியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். உடம்பு முடியாமல் இடையில் போனவர்கள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவே இல்லை. அந்தப் பிள்ளைகள் நின்றார்கள்தான். அதைப் பற்று என்று சொல்ல என்னால் முடியாது. அவர்களின் காசு ஆலையிடம் மாட்டிக்கொண்டிருந்தது, அதனால் நின்றார்கள். ஆள் நிற்கிறார்களா என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற மேனேஜருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் கேள்வியில் நம்பிக்கை என்ற சொல் இருந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சம்பளம் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு கதை இதற்கு நல்ல உதாரணம். 1913-இல் அவர் தொழிற்சாலையில் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். அதாவது ஒரு இடத்தை நிரப்ப அந்த ஒரு வருடத்தில் சராசரியாக மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார், ஏறக்குறைய இரண்டு மடங்குச் சம்பளம். 1915-இல் அந்த விகிதம் 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் கூடவே, தொழிலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று விசாரிக்க ஒரு துறையையே வைத்தார். பிற்பாடு லைனின் வேகமும் மேஸ்திரிகளின் கெடுபிடியும் ஏறின. 1941-இல் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டார். ஆட்களைக் கொண்டுவர நல்ல சம்பளம் போதும். அவர்கள் மனசு உங்கள் பக்கம் நிற்க வேண்டுமானால் மரியாதையும் வேண்டும்.

அந்த மரியாதை வேலை நடக்கும் இடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, ஃப்ரீமாண்டை விடத் தெளிவான உதாரணம் இல்லை. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அன்றாடம் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார். குடி, அடிதடி, தீராத புகார்கள். 1982-இல் மூடிவிட்டார்கள். 1984-இல் ஜப்பானின் டொயோட்டா வந்து ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தை நும்மி என்ற பெயரில் திறந்தது. ஆட்களில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், சங்கமும் அதே சங்கம். "அந்த ஊர் ஆட்களே சரியில்லை" என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களை வைத்தே ஜப்பானியத் தரத்துக்குப் பக்கத்தில் கார் வந்தது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள்.

என்ன மாறியது? பழைய ஆலையில் லைன் நிற்கவே கூடாது. நட்டு சரியாக ஏறவில்லை என்று கண்ணால் பார்த்தாலும் காரைத் தள்ளிவிட வேண்டும், கடைசியில் யாராவது பிரித்துச் சரிசெய்வார்கள். புது ஆலையில் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. கோளாறு பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் அவரிடம் வருவார், என்ன ஆச்சு என்று கேட்பார், கூட நின்று சரிசெய்வார். குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் லைன் நிற்கும். இழுத்ததற்காகத் திட்டு விழாது. நல்ல பீஸ் போட வேண்டும் என்று அந்த ஆட்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆசை இருந்தது. அதற்கான உரிமையைத்தான் யாரும் அதுவரை கொடுக்கவில்லை.

உங்கள் செக்கிங் டேபிளுக்கு வாருங்கள். அங்கே என்ன நடக்கிறது? செக்கிங் அக்கா ஆல்டர் பீஸ்களை, அதாவது பிரித்துத் திருத்த வேண்டியவற்றை, ஒதுக்கி வைக்கிறார். சூப்பர்வைசர் அதை அள்ளிக்கொண்டு போய் ஓவர்லாக் டெய்லர் மடியில் போட்டு, நாலு பேர் கேட்கிற மாதிரி, "கண்ணு எங்க இருக்கு?" என்கிறார். அடுத்த தடவை அந்த டெய்லர் என்ன செய்வார்? தையல் விட்டுப்போன பீஸை பண்டிலுக்கு நடுவில் சொருகிவிடுவார். அது அயர்னிங் தாண்டி, பேக்கிங் தாண்டி, சரக்கு வாங்குகிற பையரின் இன்ஸ்பெக்‌ஷனில் வெளியே வரும். இதையே வேறு மாதிரி செய்யலாம். பீஸைத் திருப்பி, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். முதலில் ஊசி மழுங்கியிருக்கிறதா, அடிநூலைக் கோக்கும் லூப்பர் சரியாக இருக்கிறதா, நூல் இறுக்கம் எப்படி, துணி அதே லாட்தானா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கோளாறு மிஷினிலோ துணியிலோதான் இருக்கும். மிஷின் கோளாறு என்றால், ஆல்டர் பார்த்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று அங்கேயே சொல்லுங்கள். கை கோளாறு என்றால், இரண்டு பீஸ் கூட உட்கார்ந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல். தானே வந்து "அண்ணா, இந்த பண்டில்ல அஞ்சு பீஸ் தப்பாயிடுச்சு" என்று சொல்கிற டெய்லர் ஒருவர் உருவாகிவிட்டால் உங்கள் யூனிட் மாறிவிட்டது.

சூப்பர்வைசர் பற்றியும் சொல்ல வேண்டும். டெய்லருக்குக் கம்பெனி என்றால் முதலாளியோ நீங்களோ இல்லை, லைன் சூப்பர்வைசர்தான். நிறையப் பேர் கிளம்புவது அவரால்தான். ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று நீங்கள் மேலிருந்து அழுத்துவதை அவர் கீழே இறக்குகிறார். அவரிடம் நீங்கள் கத்தினால் அவர் டெய்லரிடம் கத்துவார். இன்னொன்று, தன் ஊர் ஆட்களுக்கு லேசான வேலை, மற்றவர்களுக்குக் கஷ்டமான வேலை என்று ஒதுக்குகிறாரா என்று கவனியுங்கள். பீஸ் ரேட்டில் இது நேராகச் சம்பளத்தைத் தொடும். வேலை மாற்றிக் கொடுப்பது முறை வைத்து நடக்க வேண்டும், அந்த முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் ஒரே ஒரு புகார்தான் உங்களுக்குப் பரீட்சை. வாடி போடி, இரட்டை அர்த்தப் பேச்சு, தோளில் கை வைப்பது. முதல் பெண் தைரியமாக வந்து சொல்கிறபோது "அவன் அப்படித்தான்மா, மனசுல வெச்சுக்காத" என்று நீங்கள் அனுப்பிவிட்டால், இரண்டாவது புகார் வராது. ஆட்கள்தான் போய்க்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். தணிக்கைக்காகப் பெயரெழுதி மாட்டிய குழுவாக அது இருக்கக் கூடாது. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் 2021-இல் கொலை செய்யப்பட்ட பிறகு, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. பெண் தொழிலாளர்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதில் ஒரு தரப்பு. லைனிலேயே வேலை செய்யும் பெண்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடந்தால் கவனித்து முறையிடும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்கள் யூனிட்டில் சங்கம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் குழுவில் யார் இருக்க வேண்டும் என்று டெய்லர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்ல யாரும் தடுக்கப்போவதில்லை.

வெளிமாநில ஆட்களைப் பொறுத்தவரை, கஷ்ட காலத்தில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது ஊருக்கு ஊர் போனில் பரவுகிறது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது சில யூனிட்கள் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். சிலர் தங்குமிடத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிப் போட்டு, மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் பெயர் பதிந்து அனுப்பி வைத்தார்கள். அனுப்பி வைத்தவர்களிடம்தான் ஆட்கள் முதலில் திரும்பி வந்தார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியதே, அப்போதும் இதுதான். ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்கிறார் என்றால், "பயப்படாதே" என்ற பேச்சு உதவாது. ஒரு யூனிட்டில் வேலையை நிறுத்தி, எல்லோரும் லைனிலிருந்தே வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பேசட்டும் என்று விட்டார்கள். போகணும் என்றவர்களுக்கு அன்றைய தேதிவரை கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். ஹோலிக்கு அப்புறம் பெரும்பாலானோர் வந்துவிட்டார்கள்.

ஆர்டர் குறைகிற காலத்துக்கும் இதே வழிதான். நும்மியில் 1980-களின் பிற்பகுதியில் கார் விற்காமல் உற்பத்தி வெகுவாக இறங்கியது. அப்படியும் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், ஆலையில் மராமத்து வேலை பார்க்க வைத்தார்கள். ஆட்களை நிறுத்துவதற்கு முன் நிர்வாகத்தின் சம்பளம் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள், சொன்னபடி நின்றார்கள். உங்கள் யூனிட்டுக்கு அந்த அளவு வசதி இல்லை என்று தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இங்கே எத்தனை யூனிட்டில் மிஷின் நின்றது என்று பார்த்தோம். ஆனால் ஆர்டர் நிற்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்த அன்றே அவர்களுக்கும் சொல்லலாம் இல்லையா? "அடுத்த மாசம் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை இருக்கும், எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறேன், அதுவரை வேறு இடத்தில் போய்ப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம், ஆர்டர் வந்ததும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன்." இதைச் சொல்லத் தயங்குவீர்கள், ஆட்கள் ஓடிவிடுவார்களே என்று. கொஞ்சம் பேர் போவார்கள். சொல்லாமல் விட்டு ஒரு திங்கட்கிழமை கேட்டில் திருப்பி அனுப்பினால் எல்லோரும் போவார்கள், திரும்பியும் வர மாட்டார்கள்.

தீபாவளி போனஸையும் இப்படியே நடத்துங்கள். எத்தனை சதவீதம், என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிற கடைசி நாள் ராத்திரிவரை இழுத்தடிக்கிற கம்பெனிக்குத் தீபாவளி முடிந்து ஆட்கள் ஏன் திரும்ப வேண்டும்?

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. போகிறவர்களை எப்படி அனுப்புகிறீர்கள்? திருப்பூரில் டெய்லர் போவதும் வருவதும் சகஜம். இங்கே போனவர் ஆறு மாதத்தில் திரும்பி வரலாம், தங்கையை அனுப்பலாம். அவர் கணக்கை எத்தனை நாளில் முடித்தீர்கள், பி.எஃப்.பில் விலகிய தேதியைப் போட்டீர்களா, நிற்கும் சம்பளத்துக்கு எத்தனை தடவை அலைய விட்டீர்கள் என்பதை உள்ளே இருக்கிற நூறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்குத் தங்களுக்கும் இதுதான் என்று. அதனால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த மூன்று மாதத்தில் விலகிப்போனவர்களின் பெயர்ப் பட்டியலை எடுங்கள். யார் யாருக்குப் பாக்கி இருக்கிறதோ, நீங்களே போன் போட்டுக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். எதற்காகப் போனீர்கள் என்றும் அப்போது கேளுங்கள். இனி அவர்களுக்கு உங்களிடம் பயம் இல்லை, உள்ளதைச் சொல்லுவார்கள்.